ஓட்டுக் கேட்கப் போன மாமியார்

நடிகை: ...அந்தப் புருவத்தை இன்னும் கொஞ்சம் இறக்குங்கண்ணே.

மேக்கப்காரர்: இதுக்கு மேல இறக்கினா மூக்கு மேல வந்து உட்கார்ந்துக்கும்.

நடிகை: கட்சியில சொல்லி அனுப்பியிருக்காங்க. புருவம் தூக்கியிருந்தா சீரியல் மாமியார் ஞாபகம் வருதாம். ஓட்டுப் போட யோசிக்கிறாங்களாம்.

மேக்கப்காரர்: பதினோரு வருஷமா அதைத் தூக்கித் தூக்கி வரைஞ்சவன் நான். அந்தப் புருவத்தைப் பார்த்துத்தானே உனக்கு சீட்டே குடுத்தாங்க.

நடிகை: அதைத்தான் நானும் கேட்டேன். முகம் ஞாபகம் வரணும், குணம் ஞாபகம் வரக்கூடாதுங்கிறார் செயலாளர்.

மேக்கப்காரர்: யார் குணம்? உன்னுதா, மாமியாருதா?

நடிகை: அவருக்கு ரெண்டும் ஒண்ணுன்னுதான் நெனப்பு. என்கிட்ட பேசும்போது ரெண்டடி தள்ளித்தான் நிக்கிறார்.

மேக்கப்காரர்: சிரிக்காதே. கோடு இழுத்துக்குது.

நடிகை: காலையில ஒரு வீட்டுக்கு ஓட்டுக் கேட்கப் போனேனா... ஒரு அம்மா கதவைத் திறந்தாங்க. என்னைப் பார்த்ததும், "அந்த மருமகப் பொண்ணை ஏன்டி வெளிய தள்ளினே"ன்னு ஆரம்பிச்சுட்டாங்க. நோட்டீஸை நீட்டினேன். அதை வாங்கி விசிறிக்கிட்டே திட்டறாங்க.

மேக்கப்காரர்: நீ என்ன சொன்னே?

நடிகை: கதை எழுதறவர் வேறங்கன்னேன். அப்ப அவரை எலெக்‌ஷன்ல நிக்கச் சொல்லுங்கிறாங்க.

மேக்கப்காரர்: கேக்கறது நியாயம்தானே.

நடிகை: எதிர்க்கட்சிக்காரர் வேற... சீரியல்ல மருமகளைத் துரத்தறப்ப நான் சொல்ற வசனத்தையே எடுத்து மேடைக்கு மேடை என்னைப் பார்த்துப் பேசறார். "செருப்பைப் போட்டுக்கோ. இனிமே அதைக் கழட்டி வைக்க இங்க இடமில்ல." கூட்டத்துல ஒரே விசில். நியூஸ்ல அவர் பேசினது பாதி, நான் சீரியல்ல பேசினது பாதின்னு ஒட்டி ஒட்டிப் போடறாங்க.

மேக்கப்காரர்: நியூஸும் இந்த சேனல்தான், சீரியலும் இந்த சேனல்தான். இப்ப நீ போய் உட்காரப் போற விவாதமும் இங்கதான். அவங்களுக்கென்ன, எந்தப் பக்கம் விழுந்தாலும் விளம்பரம்.

நடிகை: டைரக்டர் கதையை மாத்திட்டார், தெரியுமா? வர்ற வாரம் மாமியார் மனசு திருந்தறா. மருமகளை அவளே போய்க் கூட்டிட்டு...

மேக்கப்காரர்: அட. நிஜமாவா?

நடிகை: ஓட்டு எண்ணி முடிஞ்சதும் மறுபடியும் கெட்டுப்போயிடுவேனாம்.

மேக்கப்காரர்: ...கன்னத்தை இப்படித் திருப்பு.

நடிகை: பூசின கன்னத்தையே ஏண்ணே மறுபடி பூசறீங்க?

மேக்கப்காரர்: வேர்வையில கலைஞ்சிருக்கு.

நடிகை: எனக்கு வேர்க்கவே இல்லையே.

மேக்கப்காரர்: அப்ப வயசு. ஆமா... வெளிய கேமராக்காரங்க பேசிக்கிட்டாங்க. உன் வீட்டுல யாரோ ஒரு பொண்ணு வந்து தங்கியிருக்காமே.

நடிகை: அதுக்குள்ள இங்க வரைக்கும் வந்துடுச்சா?

மேக்கப்காரர்: யாரும்மா அது?

நடிகை: தெரிஞ்ச பொண்ணு. நாலு நாளாச்சு. மாமியார்காரி வீட்டை விட்டு அனுப்பிட்டாங்க. அனுப்பும்போது அந்தம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? என் செருப்பு வசனம். ஒரு எழுத்து மாறல. புருவத்தைக்கூட என்னை மாதிரியே தூக்கினாங்களாம். அதைக் கேட்டதுலேர்ந்து எனக்குச் சோறு இறங்கலண்ணே.

மேக்கப்காரர்: நீ சீரியல்ல அதைப் பேசலேன்னாலும் அந்தம்மா வேற ஏதாவது சொல்லி அனுப்பியிருக்கும். அனுப்பணும்னு முடிவு பண்ணினவங்க வசனத்துக்காகக் காத்திருக்க மாட்டாங்க.

நடிகை: இருக்கலாம். ஆனா அந்தப் பொண்ணு வாசல்ல நின்னு கேட்டது என் வார்த்தையைத்தானே.

மேக்கப்காரர்: ...அவளை இன்னிக்கு இங்க கூட்டிட்டு வரப் போறதா வேற பேச்சு அடிபடுது.

நடிகை: செயலாளரோட யோசனை. விவாதம் நடக்கும்போது அவ உள்ள வரணுமாம், என் தோள்ல சாஞ்சு அழணுமாம். நிஜ மாமியார் துரத்தின பொண்ணுக்கு சீரியல் மாமியார் அடைக்கலம். ஒரே நிமிஷத்துல பத்தாயிரம் ஓட்டுங்கிறார்.

மேக்கப்காரர்: விழுந்தாலும் விழும்.

நடிகை: விழும். அப்புறம் அவ முகம் ஊர் பூராத் தெரிஞ்சுடும். நாளைக்கு அவ ஒரு வேலை தேடிப் போனாலும், பஸ்ஸுல ஏறினாலும், "டிவியில அழுத பொண்ணு நீதானே"ன்னு கேப்பாங்க. எனக்காவது சம்பளம் குடுத்துத் திட்டு வாங்க வைக்கிறாங்க. அவ என்னண்ணே பாவம் பண்ணினா?

மேக்கப்காரர்: அப்ப நீ என்னதான் சொன்னே?

நடிகை: அவ வர மாட்டான்னுட்டேன். சரி, பேரையாவது சொல்லுங்கன்னார். சொல்லல. அப்ப உங்க பிரசாரத்துக்குத் தலைவர் வர மாட்டார்னுட்டுப் போனை வெச்சுட்டார்.

மேக்கப்காரர்: தோத்துடுவே.

நடிகை: தோத்துட்டா மறுபடி புருவத்தைத் தூக்கிவிடுங்க. பொழப்பு ஓடும்.

மேக்கப்காரர்: கண்ணை மூடு. மை கலையுது.

நடிகை: என் கண்ணு சரியாத்தான் இருக்கு. உங்க கண்ணுதான்... உங்க பொண்ணு எப்படிண்ணே இருக்கா?

மேக்கப்காரர்: நல்லாயிருக்கா. அவ வீட்டுல.

நடிகை: கடைசியா எப்ப பேசினீங்க?

மேக்கப்காரர்: போன வாரம் போன் பண்ணினா. அழுதா. நான்... கொஞ்சம் பொறுத்துப் போம்மான்னேன். வேற என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல.

நடிகை: அண்ணே... கண்ணாடியில என்னைப் பாருங்க. நேருக்கு நேர் பார்த்தா என்னால சொல்ல முடியாது.

மேக்கப்காரர்: சொல்லு.

நடிகை: என் வீட்டுல இருக்கறது அவதான். "அத்தை, அப்பாகிட்ட மட்டும் சொல்லாதீங்க, திரும்பிப் போன்னு சொல்லிடுவார்"னு கையைப் பிடிச்சுக்கிட்டா. இந்த ரூம்ல என் மடியில உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதின குழந்தை, வேற எங்க போவா? நாலு நாளா உங்க போனை எடுக்கவே எனக்குப் பயம். கோபமா? கோபம்னா திட்டிடுங்கண்ணே.

மேக்கப்காரர்: முந்தாநாளே எனக்குத் தெரியும்மா. அவ மாமியார் வீட்டுக்குப் போனேன், இங்க இல்லன்னு கதவைச் சாத்திட்டாங்க. அவளுக்கு என்னை விட்டா நீதானேன்னு நேரா உன் வீட்டுக்குத்தான் வந்தேன். இன்னிக்கு அவளை கேமரா முன்னால நிறுத்திடுவியோன்னு பயந்தேன், அதான் தெரியாத மாதிரியே கேட்டுக்கிட்டு நின்னேன்... மன்னிச்சுக்கோ. அன்னிக்கு உன் வாசல்ல மணி அடிக்கக் கையைத் தூக்கினப்ப, உள்ள அவ சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு. கல்யாணமாகிப் போனதுலேர்ந்து அவ அப்படிச் சிரிச்சு நான் கேட்டதில்ல. மணியை அடிக்காமலேயே திரும்பிட்டேன்.