தீப்பட்ட கரும்புக்கு வரிசை இல்லை

வரிசையில் நிற்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்காது. ரேஷன் கடைக்கு அனுப்பினால் பையை வரிசையில் வைத்துவிட்டு நான் நிழலில் உட்கார்ந்துவிடுவேன். கரும்பு விவசாயிகளுக்கு வரிசை போடும் மென்பொருள் எழுத இந்த மாவட்டத்தில் என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது என்று அதனால்தான் சொல்கிறேன்.

கரும்பு விவசாயிகள் சங்க நிர்வாகிகளே, நடந்ததை எழுத்தில் தரச் சொன்னீர்கள். தருகிறேன். மறைக்க என்னிடம் ஒன்றுமில்லை. ஓப்பன் சோர்ஸ் என்றாலே அதுதான்: எந்த வரியை யார், எந்தத் தேதியில், எதற்காக எழுதினார் என்பது உட்பட எல்லாம் இணையத்தில் திறந்து கிடக்கிறது. நாலு வருடமாக உங்கள் சங்கத்திலிருந்து ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. அதற்கும் நான்தான் பொறுப்பா?

என் பெயர் இளவரசன். எட்டு வருடம் சென்னையில் வேலை பார்த்துவிட்டு ரிஷிவந்தியத்துக்குத் திரும்பியவன். கல்வராயன் மலையடிவாரம் தொடங்கி எங்கள் ஊர் வரை சங்கத்தில் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். யாருக்கு எப்போது கட்டிங் ஆர்டர் என்று சொல்லும் செயலியை நானும் தேவிப்ரியாவும் சம்பளம் வாங்காமல் எழுதினோம். ஆர்டர் வந்தால்தான் கரும்பை வெட்டலாம். ஆலை ஒரு நாளைக்கு எவ்வளவு அரைக்குமோ அவ்வளவுக்குத்தான் ஆர்டர். முறை வந்தவருக்கு போனில் மெசேஜ் போகும். அதிலிருக்கும் இணைப்பைத் தொட்டால் ஒரு பக்கம் திறக்கும். அதில் ‘சம்மதம்’ என்ற பொத்தானை ஆறு மணி நேரத்துக்குள் அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் முறை அடுத்தவருக்குப் போய்விடும்; இவர் வரிசையின் கடைசிக்குப் போவார்.

போன வருடம் அந்தப் பக்கங்களைப் புதிதாக எழுத வேண்டி வந்தது. எந்த ஃப்ரேம்வொர்க்கில், அதாவது எந்த ஆயத்தக் கட்டமைப்பின் மேல், எழுதுவது என்பதுதான் கேள்வி. பழைய முறையில் பக்கம் முழுதும் எங்கள் சர்வரிலேயே தயாராகிப் போகும். எந்த ஓட்டை போனிலும் திறக்கும். புதிய ஃப்ரேம்வொர்க்குகளில் பக்கத்தைக் கட்டும் வேலையை போனே செய்ய வேண்டும். பார்க்க அழகு, வேகம். ஆனால் பழைய போனுக்கு அந்த மொழி புரியாது. வெறும் வெள்ளைத் திரை வரும், அவ்வளவுதான்.

தேவிப்ரியா வடக்கனந்தல் பெண். தன் தெருவில் இருக்கும் பாவாடை என்பவரின் போனை வாங்கிக்கொண்டு வந்து என் மேசைமேல் வைத்தாள். பாவாடை இரண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்துக் கரும்பு போடுகிறவர். போனில் கண்ணாடி உடைந்து ரப்பர் பேண்ட் சுற்றியிருந்தது.

“பாருண்ணா, வெள்ளையா நிக்குது. நம்ம ஆளுங்க பாதிப் பேர் இந்த மாதிரி போனுதான் வெச்சிக்கினு இருக்காங்க. பழைய முறையே போதும்ணா. அழகு கம்மியா இருந்தா இருந்துட்டுப் போவுது.”

“எல்லார் போன்லயும் ஓடணும்னு பாத்தா ஒண்ணுமே ஓடாது தேவி” என்றேன்.

இது கொழுப்பில் சொன்னதல்ல. எந்த மென்பொருளும் யாரையாவது விட்டுவிட்டுத்தான் போகும். எத்தனையாவது வருடத்து போன் வரை தாங்குவது என்று ஓரிடத்தில் கோடு போட்டாக வேண்டும். உலகம் முழுக்க எல்லோரும் போடுகிறார்கள். நானும் போட்டேன். ‘பழைய போன்களுக்கு ஆதரவு இல்லை’ என்று முடிவுக் குறிப்பும் எழுதி, கீழே என் பெயரையும் போட்டேன். உங்களில் மூன்று பேர் அதற்குக் கைதட்டினீர்கள். கூட்டக் குறிப்பில் இருக்கிறது, பாருங்கள்.

பலன் உடனே தெரிந்தது. சராசரிக் காத்திருப்பு இருபத்து மூன்று நாளிலிருந்து பதினாலு நாளுக்கு வந்தது. பெங்களூரில் ஒரு மாநாட்டில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். எப்படிக் குறைந்தது என்று அங்கேயும் யாரும் கேட்கவில்லை. சம்மதம் கொடுத்தவர்களின் நாட்களை மட்டும்தான் அந்தக் கணக்கில் சேர்ப்பேன். திறக்க முடியாதவர்கள் கடைசிக்குப் போனார்கள், மறுபடி மேலே வந்தார்கள், மறுபடி போனார்கள். அவர்கள் சண்டைக்கும் வரவில்லை. இது எனக்கு முன்பே தெரியும். வெள்ளைத் திரையைப் பார்க்கிற ஏழை மென்பொருளைத் திட்ட மாட்டான். போனைத் துடைத்துப் பார்ப்பான், தட்டிப் பார்ப்பான், நமக்குத்தான் இதெல்லாம் வரவில்லை என்று கூச்சப்பட்டுக்கொண்டு வீட்டுக்குள் போய்விடுவான். அந்தக் கூச்சத்தை நம்பித்தான் நான் திட்டம் போட்டேன்.

‘திட்டம்’ என்ற சொல்லை நீங்கள் அடிக்கோடிடுவீர்கள். இடுங்கள். தேவிப்ரியா உங்களிடம் ஒரு பட்டியலைக் காட்டினாளாமே, அது என்னுடையதுதான். முடிவெடுப்பதற்கு இரண்டு வாரம் முன்பு, யார் யார் எந்த போன் வைத்திருக்கிறார்கள் என்று எடுத்தேன். பேச்சில் இருந்த மூன்று புதிய ஃப்ரேம்வொர்க்குகளையும் அந்த போன்களுக்கு ஓட்டிப் பார்த்தேன். முதலாவதில் முப்பத்தொரு பேருக்குத் திறக்காது. இரண்டாவதில் நூற்று முப்பத்தேழு. மூன்றாவதில் இருநூற்றுத் தொண்ணூறு. வரிசை பதினைந்து நாளுக்குள் வர வேண்டுமென்றால் நூற்று முப்பது பேராவது ஒதுங்க வேண்டும் என்று முன்னமே போட்டு வைத்திருந்தேன். மூன்றில் நல்லது முதலாவதுதான். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். ஆலையைப் பெரிதாக்க என்னால் முடியாது, ஆட்களைக் குறைக்க முடிந்தது. வேறு யாராவது இந்த வரிசையை நகர்த்திக் காட்டியிருந்தால் சொல்லுங்கள், நான் தலைகுனிகிறேன்.

இனி பாவாடை. மாசி மாதம் ஒரு மதியம் அவரே பஸ் ஏறி என் அலுவலகத்துக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். தண்ணீர் கொடுத்தேன்.

“மெசேஜி வருதுங்க தம்பி. தொட்டா வெள்ளையா நிக்குது. மூணு தபா முறை போயிடிச்சி. கரும்பு பூ வுட்டு அடி காஞ்சிக்கினு வருது. வூட்ல அழுவுது. இன்னா பண்றதுன்னு நீங்களே சொல்லுங்க.”

“புது போன் வாங்கிப் பதிவு மாத்தணும்ணே. பதினஞ்சி நாள் ஆவும்.”

“அதுவரிக்கும் தாங்காதுங்க. வேற வழியே இல்லீங்களா?”

வழி இருந்தது, அது சங்கத்தின் விதி, நான் போட்டதல்ல. எரிந்த கரும்பு ஓரிரு நாளில் கெட்டுவிடும் என்பதால் அதை உடனே வெட்டியாக வேண்டும்.

“தீப்பட்ட கரும்புக்கு வரிசை இல்லண்ணே. போனும் வேணாம். ஆபீஸ்ல வந்து சொன்னா அன்னிக்கே ஆர்டர்.”

அவர் தண்ணீர் டம்ளரை மேசைமேல் வைத்தார். “கரும்பு தானா பத்திக்குமா தம்பி?”

“வெயில் ஜாஸ்தியா இருக்குதுண்ணே” என்றேன்.

ஒரு விவசாயி கேட்டார், இருக்கிற விதியைச் சொன்னேன். கொளுத்து என்ற வார்த்தை என் வாயில் வரவில்லை.

மூன்றாம் நாள் பாவாடையும் அவர் மனைவி தைலம்மாளும் வயலின் ஒரு மூலையில் தீ வைத்தார்கள். பக்கத்து வயலுக்குத் தாவாமல் பார்த்துக்கொள்ள அந்தம்மா பச்சைத் தழையோடு மறு ஓரத்தில் நின்றிருந்தார். மலையிலிருந்து காற்று திடீரென்று இறங்கியது. அவரை இழுத்துவரப் பாவாடை உள்ளே ஓடினார். தைலம்மாள் இரண்டு கையும் வெந்து பிழைத்துக்கொண்டார். பாவாடை ஆஸ்பத்திரியில் நாலு நாள் இருந்து இறந்தார். அவருடைய கட்டிங் ஆர்டர் மட்டும், தீப்பட்ட தகவல் ஆபீஸுக்கு வந்த இருபது நிமிடத்தில் போனது. மறுநாள் காலை வெட்டி முடித்தார்கள்.

எனக்கு வருத்தம் இல்லை என்று நினைக்காதீர்கள். துக்கத்துக்குப் போனேன், மாலை போட்டேன். தைலம்மாள் என்னைப் பார்த்ததும் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் கும்பிட்டார். நான் வழி சொல்லிக் கொடுத்தேன் என்று பாவாடை வீட்டில் நல்லபடியாகச் சொல்லியிருக்கிறார். அந்தக் கும்பிடு எனக்குப் பிடிக்கவில்லை. அதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

தேவிப்ரியா அங்கே வைத்துத்தான் கேட்டாள். “நீ ஆபீஸ்லேர்ந்தே அவருக்கு சம்மதம் போட்டிருக்கலாம் இல்ல? உங்கிட்ட அந்தப் பொத்தான் இருக்குது இல்ல?”

இருக்கிறது. யாருக்காக வேண்டுமானாலும் நானே சம்மதம் அழுத்தலாம். இந்தப் பருவத்தில் பதினோரு பேருக்கு அழுத்தியிருக்கிறேன். பெயர்கள் பதிவில் இருக்கின்றன, எல்லோரும் எங்களுக்கு வேண்டியவர்கள். பாவாடைக்கு அழுத்தினால் மற்ற நூற்று முப்பத்தாறு பேருக்கும் அழுத்த வேண்டும், அது நியாயமில்லை என்று அவளிடம் சொன்னேன். இப்போதும் அதையே சொல்கிறேன். என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள், இந்த வரிசையை இதைவிட ஒழுங்காக நடத்த உங்களுக்கு வேறு ஆள் கிடைக்க மாட்டான்.

நீங்கள் எப்படியும் பதிவைத் திறந்து பார்ப்பீர்கள் என்பதால் இதையும் எழுதிவிடுகிறேன். பாவாடை என் எதிரில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவருடைய நாலாவது முறை நடந்துகொண்டுதான் இருந்தது. ஆறு மணி நேரத்தில் இன்னும் நாற்பது நிமிடம் பாக்கி. அவர் பெயரும் அந்தப் பொத்தானும் என் திரையில் திறந்தே இருந்தன. அவர் போனார், நாற்பது நிமிடம் காத்திருந்தேன், முறை அடுத்தவருக்கு மாறியது. அடுத்தவர் செல்லமுத்து, ரிஷிவந்தியம், ஏழு ஏக்கர். என் அப்பா.