நம்பர் தெரிஞ்ச காரணம்

ஹலோ... கில்பர்ட்டா? டேய் தம்பி, செலின் அக்கா பேசறேன். கேக்குதா?... ஆமா, ஆமா, மழ சத்தந்தான். கழனியிலதான் நிக்கிறேன். முழங்கா தண்ணிடா! நாளைக்கு அறுக்க வேண்டிய நெல்லு, அப்படியே சாஞ்சி கெடக்குது. இன்னும் ஒரு நாளு கெடந்தா கதிர்லயே மொளச்சிடும். ஒன் வூட்டாண்ட நிக்கிற ஜேசிபிய எடுத்துகினு வா. இப்பவே!

...எதுக்கா? வில்லியனூர் ரோட்டு மனைக்காக நீ கிராவல் கொட்டி மூடுனியே வாய்க்கா, அத வெட்டத்தான்!

...ஆமா... ஆமா... மொதலாளி சொன்னாரு, நீ மூடுன. சரி, வுடு. இப்ப வந்து வெட்டு.

...இயற்கையா? தை மாசத்துல இப்படிக் கொட்றது இயற்கையாடா?... பூமி சாயுது, எரிமல வெடிக்குது... போன்ல பாத்தியா? அதெல்லாம் எம் பொண்ணு தென்றல் பாடத்துலயும் கீது. பூமி சாயறதுக்கு ஆயிரமாயிரம் வருஷம் ஆவுமாம். எரிமல புகை ரெண்டொரு வருஷத்துல அடங்கிடுமாம். என் வயசுக்குள்ளியே இவ்ளோ மாறுனதுக்கு மனுஷன் கொளுத்துன கரியும் டீசலுந்தான் காரணமாம். கடலு சூடாயி...

...இரு, பேச வுடு!... சரிடா, நீ மட்டுமா கொளுத்துன? ஒலகமே கொளுத்துச்சி. நானுந்தான் கரும்புத் தோகைய கொளுத்துனேன். அந்த ஒலகத்துக்காரன் நம்பரு எங்கிட்ட இல்லடா. ஒன் நம்பருதான் கீது! யாருக்குப் போன் போடுவேன், சொல்லு?

...வாசப்படி போயிடுமா?... தெரியும், ஒன் வூட்டு வாசப்படி அந்த மூடுன வாய்க்கா மேலதான் கீது. அதுக்கு?... சர்ச்சு சாமியார் மந்திரிச்ச படியா? டேய்! தீர்த்தம் தெளிச்ச சாமியாருக்கு கீழ வாய்க்கா போனது தெரியுமா? ஒனக்குத் தெரியும் இல்ல? ஒன் கால்ல வேணாலும் வுழறேன்டா. ஒரு வருஷச் சோறுடா அது...

...யாரு அழுவறது? ஒம் பொஞ்சாதி ரோஸியா?... இன்னாது?... ஒன் வூட்டுக்குள்ளயும் தண்ணியா?... கட்டில் ஒசரத்துக்கா! அடப்பாவி, மொதல்லியே சொல்றதுக்கு இன்னா? கொழந்த எங்க?... தூக்கு! ரோஸி கையில குடுத்து மாடிப்படி ஏத்து. மாதாவே... ஏத்திட்டியா?... ஏத்திட்டியான்னு கேக்கறேன்!

...சரி, சரி. நெல்லு கெடக்குது போ. நெல்லுக்காகக் கேக்கல இப்ப. கொழந்தைக்காகக் கேக்கறேன். அந்தப் படிய ஒடை. தண்ணிக்கு வேற வழி இல்லடா, நீதான் மூடிட்ட... இன்னும் இன்னா யோசன?

...ஹலோ?... இது இன்னா சத்தம்? ஜேசிபியா?... கில்பர்ட்டு, ஒடைக்கிறியா?... ஆமா, ஆமா, ஒடை. நல்லா ஆழமா வெட்டு...

...அழுவாதடா தம்பி. மறுபடியும் கட்டி, மறுபடியும் மந்திரிச்சிக்கலாம். இந்த வாட்டி வாய்க்காலுக்கு அந்தாண்ட கட்டு... கேக்குதா?... ஹலோ? தம்பி? ஹலோ...