விசில் குருவி

உக்காரலீங்க, நின்னுக்கிட்டே சொல்றேன். எம்பேரு ராக்காயி, தேயிலத் தோட்டத்துல கொழுந்து எடுக்கிறவ. அழகன எதுக்குங்க ஸ்டேஷன்ல போட்டு இந்த மிதி மிதிக்கிறீங்க? அவன் மரம் வெட்டுறவன். விசில் கேட்டுச்சு, வெட்டுனான். எங்கள வேல வாங்குற கணக்கப்புள்ள கணேசமூர்த்தி கீழ நின்னது அவனுக்குத் தெரியுமா?

என்னது, விசில் செத்தவரு சட்டப் பையிலயே கெடந்துச்சா? அதான் அழகன் பொய் சொல்றான்னுட்டீங்களாக்கும். நல்லா இருக்குங்க நாயம்! ஐயாவுக்குக் காடு வெட்டுற விதம் தெரியாதுபோல. சரிவுல இருக்க மரத்தயெல்லாம் பாதி வெட்டோட நிப்பாட்டிருவாங்க. ஆளுக வெளிய வந்தப்புறம் கணக்கப்புள்ள உள்ள போயி ஒரு சுத்துப் பாத்துட்டு, மேல ஏறி விசில் ஊதுவாரு. அப்பத்தான் உச்சியில நிக்கிறவன் ஒரே ஒரு மரத்தச் சாய்ப்பான். அது அடுத்தத அடிக்கும், அது அதுக்கடுத்தத. மடமடன்னு மொத்தச் சரிவும் விழுந்துரும். அன்னைக்கு ஒரே பனி மூட்டம், பக்கத்துல நிக்கிற ஆளே தெரியல.

யாரு ஊதுனதா? குருவின்னு எங்க லயத்து வீடுக மொத்தமும் சொல்லுது. சிரிக்காதீங்க ஐயா! கட்ட வெரல் தண்டிதான் இருக்கும். சாம்பத் தல, மஞ்ச வயிறு. கத்துச்சுன்னா கணக்கப்புள்ள விசிலேதான். வேல முடிஞ்சிருச்சுன்னு நாங்களே கூடையத் தூக்கிட்டு ஓடி வசவு வாங்கிருக்கோம். வெயில் படாத காட்டுலதான் இருக்கும். பாசியில கிண்ணமாட்டம் கூடு. பூச்சிதான் தீனி. ஒரே கெளையில உக்காந்திருக்கும், விருட்டுன்னு போயிப் புடிச்சிட்டு அதே கெளைக்கு வரும். பெரிய பூச்சின்னா கெளையில அடி அடின்னு அடிச்சு, றெக்க பிஞ்சு விழுந்தப்புறந்தான் முழுங்கும். பாக்க இத்துணூண்டு, பாவமே பாக்காது.

எனக்கு எப்படித் தெரியுமா? ரெண்டு மாசத்துக்கு முன்ன காலையில பேரு கூப்புடுற பெரட்டுக்குப் பிந்திட்டேன்னு அத்தன பேரு முன்னாடி கணேசமூர்த்தி என் வயித்துல மிதிச்சான். அஞ்சு மாசம் எனக்கு. ஆம்பளப் புள்ள, செத்தே விழுந்துச்சுங்க. அதுக்கப்புறம் லயத்துல இருப்புக் கொள்ளல. காட்டுலயே போயிக் கெடந்தேன். அதுதான் தொணைக்குக் கத்திக்கிட்டே இருக்கும். நானும் பதிலுக்குக் கத்திப் பாப்பேன்.

அப்ப அன்னைக்கு ஊதுனது குருவிதான்னு எழுதிக்கிறீங்களா? எழுதுனா அழகன விட்டுருவீங்களா? மாட்டீங்க, இல்ல? குருவி சாட்சின்னு கோட்டுல சொன்னா காறித் துப்புவாங்களா? பாவி மனுசன் அழகனுக்கு ரெண்டு பொட்டப் புள்ளைகங்க.

அப்ப எழுதுனத அடிச்சிருங்க. குருவியே இல்ல அங்க. மொத மரத்துல கோடாலி விழுந்த அன்னைக்கே கூடு கவுந்து, குஞ்சு செத்து, சோடி ரெண்டும் போயிருச்சு.

கணேசமூர்த்தி ஒத்தையா உள்ள எறங்குனதப் பாத்தேன். வெரல வாயில வச்சேன்.

அழகனக் கூட்டியாங்க. இப்பவே ஊதுறேன். இதுதானான்னு அவன் சொல்லட்டும்.