இடது தோள்

இல்ல சார், பட்டுப்புடவையெல்லாம் வேணாம், எடுத்து உங்க பையிலேயே வெச்சிக்குங்க. காந்தி ரோட்டுல வாங்கினதா? நல்லா இருக்குது, எம் பொண்டாட்டி சம்பூர்ணத்துக்குப் புடிக்கும். அதான், அவ டீ எடுத்துக்கினு வர்றதுக்குள்ள உள்ள வைங்கன்றேன். ஓரிக்கை வரைக்கும் இந்த வெயில்ல வந்திருக்கீங்க, மெதுவா பேசலாம்.

எந்தத் துப்பாக்கிக்கு ஓட்டுப் போடப் போறேன்னு தெரியணும், அதானே? போலீஸ் போட்ட தேர்வுக் குழுவுல இந்த அந்தோணி சொன்னா மத்தவங்க தலையாட்டுவாங்கன்னு யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்காங்க. அது உண்மைதான். இருபது வருசத்துக்கு மேல துப்பாக்கி கழட்டி மாட்டினவன் நான்.

உங்க கம்பெனியோடது டைரக்ட் இம்பிஞ்மென்ட். குண்டைத் தள்ளின கேஸு, அதான் மருந்து வெடிச்ச புகை, சின்னக் குழா வழியா நேரா பின்னாடி வந்து உள்ள இருக்கறதைத் தள்ளுது. வெயிட்டு கம்மி, குறியும் நல்லா நிக்கும். அந்த இன்னொரு கம்பெனியோடது கேஸ் பிஸ்டன். கேஸு முன்னாடியே நின்னுடும், ஒரு தண்டு மட்டும் பின்னாடி வந்து தள்ளும். கனம் ஜாஸ்தி, தோள்ல இடிக்கும். வெறும் துப்பாக்கின்னா கண்ண மூடிக்கினு உங்களுதுக்கே போட்டுடுவேன் சார்.

ஆனா போலீஸ்காரங்க சத்தத்தைக் குறைக்கிற சப்ரஸரோட இல்ல கேக்கறாங்க? எங்கப்பா வாலாஜாபாத் ரைஸ்மில்லுல இருந்தாரு. உமி வெளிய போற குழா வாயில எவனாவது சாக்கைக் கட்டிட்டா, உமி எங்க வரும்? உள்ள நிக்கறவன் மூஞ்சிக்குத்தான். சப்ரஸரும் அப்படித்தான் வாயை அடைக்குது. பிஸ்டன்லயும் கொஞ்சம் வரும், பொய் சொல்லக் கூடாது. உங்களுதுல கரியோட, சூடா வரும். சுடறவன் எடக்கைக்காரனா இருந்தா இன்னும் மோசம். காலித் தோட்டா தெறிக்கிற ஓட்டை வலப்பக்கம் இருக்குது, இடது தோள்ல வெச்சவன் மூஞ்சி அதுக்குப் பக்கத்துலயே இருக்கும்.

யாருக்கும் அப்படி ஆனதில்லையா? ஆயிருக்குது சார். பதினொரு வருசம் முன்னாடி, வடக்க ஒரு மிலிட்டரி கேம்ப்புல. துப்பாக்கி ரிப்பேர் பாக்கறவன் ஒருத்தன், பொறந்ததுலேர்ந்து எடக்கை. உங்களுது மாதிரியே ஒண்ணுல சப்ரஸரை மாட்டி, டெஸ்ட் பண்ணுன்னாங்க. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கேட்டான், இல்லன்னுட்டாங்க. மூணாவது மேகஸின் தோட்டாவைச் சுடும்போது வலது கண்ணு போச்சு.

விசாரிக்க ஒரு ஆபீசரைப் போட்டாங்க. அந்தாளு ஆஸ்பத்திரி பக்கமே வரல. அவன் மூஞ்சியைக்கூட பாக்கல. ரூம்ல குந்திக்கினு ஒரு பக்கம் எழுதினாரு. துப்பாக்கியில் குறை இல்லை, கண்ணாடி அவசியம் இல்லை, இடது தோளில் வைத்தது சுட்டவரின் தவறு. அந்த ஒரு பக்கத்தை வெச்சே அவனை வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. சாமி குடுத்த கையைத் தப்புன்னு எழுதிட்டாங்களேன்னு அவன் பொண்டாட்டி எத்தினி நாளு அழுதா தெரியுமா? அப்பால போலீஸ் பயிற்சிப் பள்ளியில ரிப்பேர் பாக்க எடுத்துக்கினாங்க, பொழைச்சிக்கினான். ஆனா வயித்துல நெருப்பு மட்டும் அணையவே இல்ல சார்.

இன்னா, என்னையே பாக்கறீங்க? ஆமா, வலது கண்ணுதான். போலிக் கண்ணு, அசையாது.

உங்க கம்பெனி விண்ணப்பத்துல அடியில இருந்த கையெழுத்தைப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சிடுச்சு. அந்த விசாரணைக் காகிதத்துல இருக்குற அதே கையெழுத்து. அன்னைக்கே குழுவுல ஒரு விதி எழுதிக் குடுத்தேன். விண்ணப்பத்துல கையெழுத்துப் போட்ட கம்பெனி ஆளுதான் மொதல்ல சுடணும், மூணு மேகஸின், இடது தோள்ல வெச்சு. படையில எடக்கைக்காரங்களும் இருக்காங்கல்ல, எல்லாரும் சரின்னுட்டாங்க.

வர முடியாதுன்னா பரவால்ல சார். விக்க வந்தவருக்கே பயமா இருக்குதுன்னு ஒரு பக்கம் எழுதிடறேன், எனக்கும் எழுத வரும். வர்றதா இருந்தா நாளைக்குக் காலையில பத்து மணி, பயிற்சிப் பள்ளி மைதானம்.

கண்ணாடியா? அது அவசியம் இல்லன்னு நீங்கதானே சார் எழுதினீங்க. ஜெராக்ஸ் எடுத்து ஃபைல்ல வெச்சிருக்கேன். இதோ சம்பூர்ணம் வந்துட்டா, டீ எடுத்துக்குங்க.