அழகர்சாமியின் ரத்தத்தில் வளர்ந்தது

"ஹலோ... ஹலோ, மதினி? வைக்காதீங்க, சுகுணாதான் பேசுறேன். இந்தத் தடவ வைக்காதீங்க மதினி, கும்பிட்டுக் கேக்குறேன்..."

காலையிலிருந்து கட்டாகிக்கொண்டே இருந்த அழைப்பை இப்போதுதான் எடுத்திருந்தார்கள். போர்ட் பிளேரில் ஓர் ஆஸ்பத்திரியின் நுண்ணுயிர் ஆய்வுக்கூடத்துக்கு வெளியே, வராந்தாவில் நின்றிருந்தாள் சுகுணா. மறுமுனையில், மத்திய அந்தமானின் ரங்கத் ஊரில், அவள் அண்ணன் மனைவி ஒச்சம்மா. காய்ச்சலோடு இங்கே கொண்டுவந்து சேர்த்த அழகர்சாமி முந்தாநாள் விடியலில் இறந்துபோயிருந்தான். உடலோடு சொந்தபந்தம் எல்லாம் வண்டியேறியது. கூடப்பிறந்த சுகுணா மட்டும் ஏறவில்லை.

"ஆமா... ஆமா மதினி. வரலதான்... ஆமா, அண்ணன் மொகத்தக் கடைசியா பாக்காத தங்கச்சிதான் நான். இல்லைன்னா சொன்னேன்?... திட்டுங்க. திட்டி முடிச்சிட்டு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. சுரேன் எங்க?... பால் தெளிக்கக் கெளம்புறானா? குளிச்சிட்டானா?... பச்சத்தண்ணியிலயா! மதினி, அவன் ஒடம்பத் தொட்டுப் பாருங்க... நெத்தி ஈரமா இருக்கும், கழுத்துல தொடுங்க... எனக்காக வேண்டாம். அண்ணனுக்காகத் தொட்டுப் பாருங்க."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அங்கே பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. அண்ணன் மகள் கார்த்திகா யாரிடமோ விசும்பிக்கொண்டிருந்தாள்.

"...கொதிக்குதா."

சுகுணா சுவரில் சாய்ந்தாள். உடலை வண்டியில் ஏற்றும்போது தம்பி சுரேந்திரன் அவள் கையைப் பிடித்திருந்தான். அனலாக இருந்தது. தூக்கமில்லாததுதான், வேறொன்றுமில்லை என்று சொல்லிவிட்டு ஏறிப்போனான். அந்தச் சூடு கையை விட்டுப் போகாமல்தான் அவள் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பினாள். அண்ணனிடமிருந்து எடுத்த ரத்தம் அங்கே தட்டில் வளர்ந்துகொண்டிருந்தது. அது இன்ன கிருமி என்று தெரிந்தால்தான் தம்பிக்கு எந்த மருந்து என்று தெரியும்.

"மதினி, ஒக்காருங்க. ஒக்காந்துட்டீங்களா?... அண்ணனுக்கு வந்தது என்னான்னு தெரிஞ்சுபோச்சு. இப்பத்தான், அரை மணி நேரம்கூட ஆகல... டெங்கு இல்ல. எலிக்காய்ச்சலும் இல்ல... மெலியாய்டோசிஸ்னு பேரு... பேரு வேண்டாம் விடுங்க. மண்ணுல இருக்குற கிருமி. மழைத்தண்ணி நின்னா மேல வரும், கால்ல ஒரு கீறல் இருந்தாப் போதும். அண்ணனுக்குச் சக்கர வேற இருந்துச்சா, புடிச்சுக்கிச்சு... ஆமா, வாழத்தோட்டம்தான். தண்ணி வடிய வாய்க்கா வெட்டுனாங்கல்ல, அண்ணனும் சுரேனும், வெறுங்காலோட... ஆமா மதினி, ரெண்டு பேரும். அதத்தான் சொல்றேன்."

...

"சீச்சீ, யாரு சொன்னா? நீங்க ஆக்கிப்போட்டதுல ஒண்ணுமில்ல. கொடத்துத் தண்ணியிலயும் இல்ல... அந்தச் சித்தி ஆயிரம் சொல்லும். மதினி, நான் கண்ணால பாத்துட்டுச் சொல்றேன். உங்க கையால வந்தது இல்ல... அழாதீங்க... அழுங்க, சரி, அழுங்க. ஆனா போன வைக்காதீங்க."

உள்ளிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. கூட வேலை பார்க்கும் வங்காளி அக்கா. வீட்டிலிருந்து போன், ஐந்து நிமிடம் என்று சுகுணா இந்தியில் சொன்னாள்.

"ஹாங் தீதி... கர் ஸே ஹை. பாஞ்ச் மினிட்... ஹலோ, மதினி, இருக்கேன், இருக்கேன். சுரேன இப்பவே ரங்கத் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. இங்க பெரிய டாக்டர் அங்க பேசிட்டாரு, மொத ஊசிய அங்கயே போட்டுருவாங்க. போட்டுட்டு ஆம்புலன்ஸ்ல இங்க. காட்டுப்பாதையில வண்டிங்கள மொத்தமா விடுற கான்வாய் போறதுக்குள்ள கெளம்பணும், விட்டா நாளைக்குத்தான்... என்னது?... கொள்ளி வச்சவன் போகக் கூடாதா?"

அழகர்சாமிக்கு இரண்டும் பெண்கள். நேற்றுத் தீ மூட்டியவன் சுரேந்திரன்தான். காரியம் முடியாமல் அவன் ஊரைத் தாண்டக் கூடாது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லிவிட்டார்களாம்.

"எனக்கும் தெரியும் மதினி அந்த மொறையெல்லாம்... காரியம் முடியட்டும்னா அதுவரைக்கும் அவன் இருக்கணும்ல! அண்ணனுக்கும் இப்படித்தான ஆரம்பிச்சுச்சு? வெறும் காய்ச்சல்னு தோட்டத்துக்குப் போனாரு. மறுவாரம் மூச்சு வாங்குச்சு... போன அவன்கிட்ட குடுங்க. குடுங்க... டேய், சுரேன். மூச்சு விடு, கேக்கணும்... நல்லா இழுத்து விடு... வலிக்குதா? எந்தப் பக்கம்?... அப்பறம் ஏண்டா ஒண்ணுமில்லங்குற... டேய், நானும் அவரு தங்கச்சிதான். எனக்கு மட்டும் பால் தெளிக்க ஆசையில்லையா? அண்ணன் ரத்தம் வளருற தட்டோட மூடிய தொறந்து பாத்தேன்டா காலைல. மொதல்ல மழமழன்னு இருந்தது, இன்னிக்குச் சுருங்கிக் கெடக்குது, காஞ்ச இல மாதிரி. நாம வழக்கமா போடுற மருந்துல ஒண்ணுக்கு அது கொஞ்சங்கூட அசையல. தட்டுல வச்ச மருந்து வில்லைய ஒட்டியே வளந்திருக்கு. அண்ணனுக்கு அத ஏத்தி ஏத்தித்தான்டா..."

புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"...கேக்குற மருந்து வேற இருக்கு. அது உனக்குக் கெடைக்கும். அவருக்குக் கெடைக்கல. போடா, கெளம்பு... டேய்?... யாரு, மதினியா?"

ஒச்சம்மா போனை வாங்கியிருந்தாள். சுகுணா காலையிலிருந்து பயந்துகொண்டிருந்த கேள்வி வந்தது. இத்தனை மெதுவாக வரும் என்று அவள் நினைக்கவில்லை.

"...முன்னாடியே தெரிஞ்சிருந்தாவா..."

வராந்தாவில் ஒரு ஸ்ட்ரெச்சர் போனது. அதற்கு வழிவிட்டு ஒதுங்கினாள்.

"பொய் சொல்ல மாட்டேன் மதினி. பொழச்சிருக்கலாம். பொழைக்காமயும் போயிருக்கலாம், இந்த நோவுல அதுவும் நெறைய நடக்குது... இல்ல, யாரும் மெத்தனமா இல்ல. அது வளரணும், வளந்தாத்தான் பேரு தெரியும். அது வளர வளர அண்ணன்... ஆமா. ஆமா மதினி... அதனாலதான் நான் வண்டியில ஏறல. அவரு ரத்தத்த வேற ஒருத்தர் கையில விட்டுட்டு வர மனசு வரல. கடைசியா அவரு எனக்குச் சொல்றதுக்கு இருந்தது அது ஒண்ணுதான்."

சுரேன் போகட்டும் என்று ஒச்சம்மாவின் குரல் போனுக்கு வெளியே, வீட்டாரைப் பார்த்து உயர்ந்தது. யாரோ ஆண்பிள்ளை மறுத்தான். அவள் அதற்கு மேல் கத்தினாள்.

"மதினி... நெசமாவா? நீங்களே பால் தெளிக்கப் போறீங்களா?... கார்த்திகாவும் வர்றாளா... சரி. சரி மதினி. சொன்னா சொல்லட்டும், நாலு நாள் பேசுவாங்க... ஆம்புலன்ஸ் வந்துருச்சா?... துணைக்கு யாரு, பன்னீர்செல்வம் மாமாவா? அவரு போதும். புள்ளைங்களுக்குக் காய்ச்சல் கீய்ச்சல் வந்தா ஒடனே சொல்லுங்க... அவன் தொட்டா ஒட்டாது, பயப்படாதீங்க. தோட்டத்துச் சேத்துல மட்டும் யாரும் கால வைக்க வேண்டாம்..."

...

"என்ன மதினி?... என்ன கேட்டீங்க?"

வாய்க்கால், வாழைப் பேச்சை விட்டுவிட்டு, ஒச்சம்மா கேட்டது இதைத்தான்: அவர் ரத்தம் அங்கே மிச்சம் இருக்கிறதா, சாம்பலோடு சேர்த்துக் கடலில் கரைக்கத் தருவார்களா.

"...இல்ல மதினி. தர முடியாது. இருக்கு, கொஞ்சம் இருக்கு, ஆனா அதுல அந்தக் கிருமி இருக்கு. வெளிய போகக் கூடாது. ஆவியில வேகவச்சு அழிச்சிருவோம்... நான்தான். என் கையாலதான்... ம்... ம்... சரி மதினி. கும்புட்டுட்டுத்தான் ஆவியில வைப்பேன்... உங்க பேரச் சொல்லி, புள்ளைங்க பேரச் சொல்லி... சரி... வண்டி கெளம்புதா? சுரேன் ஏறிட்டானா? மதினி, அவன் ஏறி..."

லைன் கட்டாகிவிட்டது.