இரண்டு கதவு அறை

மேடையில் வீற்றிருக்கும் அறிவியல் கழகத் தலைவர் அவர்களே, சமயக் கல்லூரி முதல்வர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பேராசிரியரின் துணைவியார், எங்கள் அம்மா அவர்களே, எங்கள் பேராசிரியரைப் பறிகொடுத்துவிட்டு வந்து கூடியிருக்கும் நண்பர்களே, வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய தலைவர், "அவர் எங்கள் ஆள்" என்றார். அடுத்துப் பேசிய முதல்வரும், "அவர் எங்கள் ஆள்" என்றார். பெரியவர்களை நான் மறுத்துப் பேசவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். அவர் உயிரோடு இருந்தபோது இதை அவர் காதுபட யாராவது சொன்னீர்களா?

அறிவியலும் சமயமும் வரலாற்றில் எங்கே கைகோத்தன, எங்கே முட்டிக்கொண்டன என்று ஆராய்ந்தவர் நம் பேராசிரியர். அந்த ஆராய்ச்சிக்குக் கிடைத்த இடம் எது? அறிவியல் நூலகத்துக்கும் சமய நூலகத்துக்கும் நடுவே ஜன்னல் இல்லாத ஓர் அறை. இரு பக்கமும் ஒவ்வொரு கதவு. பூட்டு இரண்டும் வெளியே, சாவிகள் அந்தந்த நூலகத்தாரிடம். மாணவர்கள் அவருக்கு 'ரெண்டு கதவு சார்' என்று பெயர் வைத்தார்கள். அங்கே அவருக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவன் நான்.

எழுதியதை இரண்டு கதவுகளையும் திறந்து வைத்து உரக்கப் படிப்பார். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் சிரிப்புக் கேட்டால், "இதுல எங்கேயோ தப்பு பண்ணிருக்கேன்" என்று அந்தப் பத்தியை மறுபடி சரிபார்ப்பார்.

கைபேசி வராத காலத்தில் ஒரு விடுமுறைக்கு முந்தின மாலை. நான் ஊரில் இல்லை. சார் அந்தப் பக்கமாகப் போயிருப்பார் என்று இந்தப் பக்கத்தார் பூட்டிவிட்டார்கள். இந்தப் பக்கமாகப் போயிருப்பார் என்று அந்தப் பக்கத்தாரும் பூட்டிவிட்டார்கள். மறுநாள் அம்மா வந்து சத்தம் போட்ட பிறகுதான் கதவு திறந்தது.

"ஏங்க, தட்டக் கூடாதா?" என்று அழுதார் அம்மா.

"தட்டினேன்மா, ரெண்டு பக்கமும் தட்டினேன். நான் வெளியே போயிட்டேன்னு ரெண்டு பேருக்கும் சந்தேகமே இல்ல. நான்தான் உள்ள இருந்தேன்."

இதைச் சொல்லிச் சொல்லி எத்தனையோ வருடம் சிரித்திருக்கிறோம். இப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவருடைய கடைசிப் புத்தகம் ஒரு பழைய தொலைநோக்கியின் கதை. ஒரு துறவி மடம் தன் சொத்தை விற்று அதை வாங்கியது. வானத்தைப் பார்த்தால் நம்பிக்கை வளரும் என்று நம்பியது. அது ஓர் அத்தியாயம். ஒரு தலைமுறை கழித்து, பார்த்தவர்கள் கேள்வி கேட்கத் தொடங்கியதும், அதே மடம் அதே தொலைநோக்கியைக் கிடங்கில் போட்டுப் பூட்டியது. அது அடுத்த அத்தியாயம். முதலாவதை நீக்கினால் கழகம் அச்சிடும். இரண்டாவதை நீக்கினால் கல்லூரி அச்சிடும். இருவரிடமும் அவர் சொன்னது ஒரே பதில்: "தொலைநோக்கி ஒண்ணுதாங்க. வாங்கினதையும் சொல்லணும், பூட்டினதையும் சொல்லணும்."

அதற்குப் பிறகு அவர் படிக்கும்போது எந்தக் கதவும் திறந்திருக்கவில்லை. மருத்துவமனையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எந்தப் பக்கமாவது தொறந்தாங்களாப்பா?" என்றார்.

இன்று காலை இரு தரப்பும் தனித்தனியே என்னிடம் வந்தன. கேட்டது அதேதான். அவரவர் சொல்லும் அத்தியாயத்தை நீக்குவதாக நான் இந்த மேடையிலேயே அறிவிக்க வேண்டுமாம். ஓர் அத்தியாயத்தை நீக்கினால் புத்தகம் வரும், அதில் அவர் இருக்க மாட்டார். நீக்காவிட்டால் கட்டுக்கட்டாக அந்த மேசையிலேயே கிடக்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் எனக்குச் சுவர்தான் தெரிகிறது.

மேடையேறும் முன் அம்மா என்னிடம், "அவர்தான் அந்த ரூம்லயே கெடந்தாரு. நீயும் போய்க் கெடக்கணுமா தம்பி?" என்றார்.

போகிறேன் அம்மா. நான் ஒன்றும் வீரன் இல்லை, பிள்ளைகுட்டிக்காரன், அந்த அறையை நினைத்தாலே மூச்சு முட்டுகிறது. இருந்தாலும் நாளைக்கு அவர் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு அத்தியாயங்களையும் உரக்கப் படிப்பேன். புத்தகம் வந்தால் முழுதாக வரும்.

தலைவர் அவர்களே, முதல்வர் அவர்களே, கதவைத் திறந்து வையுங்கள் என்று நான் கேட்கவில்லை. பூட்டுவதற்கு முன்னால், உள்ளே ஆள் இருக்கிறதா என்று ஒரு குரல் கொடுங்கள். நான் இருப்பேன்.