பத்து நிமிடக் கெடு

இரவு ஒன்றே முக்கால். ஊரைத் தாண்டி, சரக்குக் கிடங்குகள் மட்டுமே வரிசையாக நிற்கும் சாலை. ஈ காக்கை இல்லை... அந்தச் சாலையில் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு போனவர் என் நண்பனின் அக்கா வீட்டுக்காரர். நண்பனுக்கு அத்தான் என்பதால் எங்கள் கூட்டத்துக்கே அவர் அத்தான். கதவோரம் இருப்பவன் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்கார். நடுவில் எழுந்து ஓடினால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

அத்தானுக்கு ஸ்விட்ச் வேலை. சுவரில் தட்டுகிற ஸ்விட்ச் இல்லை. ஒரு கம்பெனியின் கணினி, கேமரா, இயந்திரம் எல்லாவற்றின் வயரும் வந்து சேரும் நெட்வொர்க் பெட்டி. நாற்பத்தெட்டு துளை, துளைக்கு ஒரு குட்டி விளக்கு. எந்தத் துளையைத் திறக்க வேண்டும், எதை மூட வேண்டும் என்று மடிக்கணினியிலிருந்தே கட்டளை கொடுப்பார். பகலில் கை வைத்தால் கம்பெனியே நின்றுபோகும். அதனால் அந்தத் தொழில்காரர்களுக்கு ராத்திரிதான் வேலை.

அவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. தொலைவிலிருந்து பெரிய மாற்றம் செய்வதற்கு முன், "பத்து நிமிடம் கழித்து நீயே அணைந்து எழுந்துகொள்" என்று பெட்டிக்குக் கெடு வைத்துவிடுவார்கள். மாற்றம் சொதப்பினால் பெட்டி அணைந்து எழுந்து பழைய நிலைக்கே திரும்பிவிடும். சரியாக வந்தால் கெடுவை ரத்து செய்து, புதியதைச் சேமித்துவிட வேண்டும். இந்தக் கடைசி வேலையை மட்டும் மறக்கவே கூடாது.

அத்தான் மறந்தார்.

மூன்று வருடத்துக்கு முந்தைய சங்கதி அது. தகடு அழுத்தும் தொழிற்சாலை ஒன்று. இருநூறு டன் பிரஸ். அதை இறங்கவிடாமல் பிடித்து வைக்கும் பூட்டுக்குத் தனி வயர் போட்டிருக்க வேண்டும். முதலாளி சிக்கனம் பார்த்து அதையும் நெட்வொர்க் பெட்டி வழியாகவே இழுத்திருந்தார். அன்று அந்த வயரை வேறு துளைக்கு மாற்றும் வேலை. அத்தான் வீட்டிலிருந்தபடியே செய்தார். அங்கே பிரஸ் ஆபரேட்டர் அச்சைத் துடைக்க உள்ளே நுழைய, காதில் போனோடு காத்திருந்தார்.

"சார், உள்ள போகட்டுமா? இறங்கிடாதுல்ல?"

"தைரியமா போங்க. பூட்டு இருக்கு. நான் பாத்துக்கறேன்."

கெடு வைத்தார். மாற்றினார். எல்லாம் பச்சை. அந்த நேரம் பார்த்து அடுக்களையிலிருந்து அக்காவின் குரல்: "எத்தன தடவ சூடு பண்றது? சாப்பிட வர்றீங்களா இல்லையா?"

எழுந்து போனார். அவர் இரண்டாம் முறை பரிமாறிக்கொண்ட நேரத்தில் பெட்டி அணைந்தது... பூட்டு விட்டது... பிரஸ் இறங்கியது.

தலை, தோள், மார்பு. உள்ளே இருந்தது எல்லாம் தகடு கனத்துக்குப் போயிற்று. மிச்சத்தைச் சுரண்டி எடுத்தவர்கள் ஒரு வாரம் வேலைக்கு வரவில்லையாம்.

பொத்தான் பலகையருகே இருந்தவன் ஆபரேட்டரின் மைத்துனன். அன்று மாலைதான் இருவருக்கும் கைகலப்பு; சட்டை கிழிந்ததைப் பத்துப் பேர் பார்த்திருக்கிறார்கள். அவன்தான் அழுத்தினான் என்று போலீஸ் கொண்டுபோய் உள்ளே வைத்தது. அவன் தலையில் அடித்துக்கொண்டு அழுதும் ஒருவரும் காது கொடுக்கவில்லை.

உண்மை அத்தானுக்கு மட்டும் தெரியும். பெட்டி ஒவ்வொரு நிகழ்வையும் நேரத்தோடு குறித்து வைக்கும். விடிவதற்குள் அவர் மடிக்கணினி வழியே உள்ளே புகுந்து அந்தக் குறிப்பு முழுவதையும் காதும் காதும் வைத்தாற்போல் அழித்தார். 'பெட்டியில் கோளாறு இல்லை' என்று கையெழுத்தும் போட்டார். எனக்கு அவர்மேல் இன்றைக்கும் ஆத்திரம்தான், நண்பனின் அத்தான் என்றால் மட்டும் என்ன?

நான் சொன்ன அந்த இரவுக்கு மறுநாள் மைத்துனனுக்குத் தீர்ப்பு.

புது ஸ்விட்ச் மாட்ட அவர் போன கிடங்கின் காவலாளி அவரை உள்ளே விட்டுவிட்டு வாசலுக்குப் போனார். பெட்டி அறை ஒரு பாத்ரூம் அகலம்தான். அட்டை காட்டினால் திறக்கும் கதவு. அத்தான் புத்தம்புது ஸ்விட்சை உறை பிரித்துப் பொருத்தி, மடிக்கணினியை இணைத்தார். புதுப் பெட்டியில் குறிப்பு ஒன்றும் இருக்கக் கூடாது.

இருந்தது.

மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி. அவருடைய பயனர் பெயர். கெடு வைத்த நிமிடம். பெட்டி அணைந்த நிமிடம். ஒரு வரி விடாமல்...

அழிக்கும் கட்டளையைத் தட்டினார். திரை காலியானது.

ஸ்ஸ்ஸ்...

காற்று விடுகிற ஓசை. அதன் பின் எங்கோ கிடங்கின் கோடியில்... ணங்.

குறிப்பு திரும்பி வந்தது. மறுபடி அழித்தார். ணங். இந்தத் தடவை பக்கத்தில். தரை அதிர்ந்தது. தீய்ந்த எண்ணெய் வாடை, அதற்கு அடியில் இறைச்சிக் கடையில் மதியம் வருகிற வாடை. மூக்கைப் பொத்திக்கொண்டு கதவுக்குப் பாய்ந்தார். அட்டையைக் காட்டினார், திறக்கவில்லை. கதவின் பூட்டும் அந்தப் பெட்டி வழியாகத்தானே போகிறது? நாற்பத்தெட்டு விளக்கும் ஒன்றாக அணைந்து ஒன்றாக எரிந்தன. வயர் செருகாத துளைகளும்கூட.

திரையில் அவர் தட்டாத ஒரு வரி. பத்து நிமிடக் கெடு. ஒன்பது... எட்டு...

ரத்து செய்து பார்த்தார். ஏற்கவில்லை.

அவருக்குப் புரிந்துவிட்டது. குறிப்பைச் சேமித்து மைத்துனனின் வக்கீலுக்கு அனுப்பினால் போதும். மைத்துனன் வெளியே வருவான், இவர் உள்ளே போவார். விரல் அனுப்பும் விசைக்குப் போயிற்று... நின்றது.

"பாத்துக்கறேன்னு ஒரு பேச்சுக்குச் சொன்னதுதான? என் பொண்டாட்டி புள்ளைங்க தெருவுல நிக்கணுமா?" என்று வெற்று அறையில் கத்தினார்.

கத்திக்கொண்டே இரண்டு கைகளாலும் அழிக்கும் கட்டளையைத் தட்டினார்.

ஸ்ஸ்ஸ்... உச்சந்தலைக்கு மேல்.

காவலாளி கடப்பாரையால் கதவை நெம்பித் திறந்தபோது மணி இரண்டு ஐம்பது. அத்தான் நாற்காலியில்தான் இருந்தார். மணிக்கட்டுக்குக் கீழே பத்து விரலும் பிய்ந்த கையுறை மாதிரி தட்டையாகத் தொங்கின. எலும்பு மாவாகிவிட்டதாக டாக்டர் சொன்னார். இரண்டு கையையும் எடுத்துவிட்டார்கள். கைகள் இருந்த விசைப்பலகையில் ஒரு கீறல்கூட இல்லை.

மூன்று மணி ஐந்து நிமிடத்துக்கு வக்கீலுக்கு ஒரு மின்னஞ்சல் போயிருக்கிறது. அப்போது அத்தான் ஆம்புலன்சில் இருந்தார். மடிக்கணினி ஆளில்லாத அந்த அறைக்குள்ளேயே இருந்தது. அழிந்த குறிப்பு முழுவதும் அந்த மின்னஞ்சலில் இணைந்திருந்தது. கூடவே நான்கு பக்க வாக்குமூலம். தீர்ப்பு நின்றது. மைத்துனன் வீட்டுக்குப் போனான்.

முன்பே எழுதி வைத்திருப்பார் என்று போலீஸ் கோப்பை மூடிவிட்டது. வக்கீல் மட்டும் ஆஸ்பத்திரிக்கு வந்து, கடைசிப் பத்தியை அத்தானிடம் வாசித்துக் காட்டி, "இதையும் நீங்கதான் எழுதினீங்களா?" என்று கேட்டாராம். அத்தான் போர்வையைப் பல்லால் கடித்துக்கொண்டு, இல்லை இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாராம்.

நண்பன் அதைப் படித்திருக்கிறான். எனக்குச் சொன்னான்.

"லைட் ஒரு தடவ சிமிட்டுச்சு. கழுத்துல எண்ணெய் சொட்டுச்சு. மச்சான்னு கூப்பிட்டேன். அவன் ஓடி வந்து ரெண்டு காலையும் புடிச்சு இழுத்தான். நல்லாதான் இழுத்தான்... இடுப்பு வரைக்கும் வெளிய வந்துட்டேன்."